மாவுக்கட்டுப் போட்ட துப்பாக்கி

ஊல்கானுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. அடுப்பைப் பார்ப்பாள், மாவைப் பிசைவாள், வந்தவருக்குத் தேநீர் ஊற்றுவாள். கோபம் உள்ளேயே இருக்கும். நான் இந்தப் பள்ளத்தாக்கில் வெகுகாலம் மருத்துவ உதவியாளராக இருந்தவள். கத்தி அழுகிறவர்களைப் பார்த்து நான் கவலைப்பட்டதில்லை. மேலே தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும் புண்ணைத்தான் கவனிக்க வேண்டும். ஊல்கான் அந்த வகை.

வரிசையாகப் பெண்களே பிறந்த வீட்டில் இவளும் பெண்ணாகப் பிறந்ததால், அடுத்ததாவது மகனாகட்டும் என்று வைத்த பெயர் அது; எங்கள் மொழியில் 'ஊல்' என்றால் மகன். அடுத்ததும் பெண்தான். ஆகவே அப்பாவோடு ஆடு ஓட்டியதும், குதிரைக்கு லாடம் அடித்ததும் இவளே. சாதிருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அவனோடு வேட்டைக்கும் போனாள். அவன் சுடுவான்; இவள் பக்கத்தில் படுத்து இரட்டைக் குழல் தூரக்கண்ணாடியால் பார்த்து, குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வாள். "ரெண்டு விரல் கீழ", "ஒரு விரல் வலது" என்பாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் துப்பாக்கியின் குறித்திருகைத் திருப்புவான். கணவன் மனைவி இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு ஒத்துப்போனதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்தத் துப்பாக்கிதான் வினை.

எங்கள் மேல்பள்ளத்தாக்கில் ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தூரக்கண்ணாடி, வைத்த நல்ல துப்பாக்கிகள் கொஞ்சம்தான். குபாத் என்பவன் வனக்காவலன். அவன் துப்பாக்கியின் கட்டை விரிசல் விட்டிருந்த சமயத்தில், இலையுதிர் காலத் தொடக்கத்தில், சாதிரிடம் வந்து கேட்டான். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. சாதிர் கொடுத்தான். சில நாள் கழித்துக் குபாத் திருப்பிக் கொண்டுவந்தான். வெறுங்கையோடு திருப்பித் தரக் கூடாது என்பதால் செம்மறியின் வால்கொழுப்பு ஒரு பெரிய துண்டைத் துணியில் கட்டி எடுத்து வந்தான். தேநீர் குடித்தான், போனான்.

திரும்பி வந்த துப்பாக்கியை உடனே சுட்டுப் பார்ப்பதும் எங்களிடம் இல்லை. வெடிச்சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். கடன் வாங்கிய சர்க்கரையைப் பக்கத்து வீட்டுக்காரி திருப்பித் தந்ததும் அவள் வாசலைத் தாண்டுமுன் தராசை எடுப்பது போல அது. மரியாதைக்காரன் செய்யமாட்டான். சாதிர் மரியாதைக்காரன். சுட்டுப் பார்க்காமலே மலைக்குப் போனான்.

அன்று ஊல்கான் உடன் போகவில்லை. கொழுந்தன் மனைவிக்குப் பிரசவ நேரம், என்னோடு இருந்தாள். சாதிர் இருநூறு அடி வைக்கும் தூரத்தில், செங்குத்துச் சரிவில் கீழ்நோக்கி நின்ற ஒரு மலையாட்டைச் சுட்டான். தோளுக்குப் பின்னால் பட வேண்டிய குண்டு உயரப் போய்ப் பின்பக்கம் பட்டது. காயம்பட்ட விலங்கை விட்டுவிட்டு வரும் வேட்டைக்காரனை இங்கே யாரும் மனிதனாக மதிப்பதில்லை. ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனான். சரளைச் சரிவைக் கடக்க இரண்டு கையும் வேண்டும் என்று கோட்டைக் கழற்றி மடித்து, துப்பாக்கியை அதன்மேல் வைத்துவிட்டு இறங்கினான். சரளை அவனைக் கொண்டுபோய்விட்டது.

குதிரை வளர்க்கும் தாஷ்தானும், ஊர் வழக்குகளைத் தீர்க்கும் பாயமான் பெரியவரும்தான் அவனைக் கம்பளத்தில் போட்டுத் தூக்கி வந்தார்கள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்திருந்தன. நான் தற்காலிகமாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஊல்கான் மூலையில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மாவுக்கட்டுத் துணி மிச்சமிருக்கா?"

"எதுக்கு? கால் முழுக்கப் போட்டாச்சே."

"இதுக்கும் ஒண்ணு போடணும்."

பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நாடியைப் பார்க்கப் போனேன். கையை உதறினாள். ஸ்கோப்பின் மேலே ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு திருகுகள். மேலே உள்ளது குண்டை ஏற்றி இறக்கும், பக்கத்தில் உள்ளது இடம் வலம் நகர்த்தும். இரண்டுக்கும் சின்ன மூடி உண்டு. கையுறையோடு திறக்க வேண்டியிருக்கும் என்பதால் சாதிர் அவற்றை விரல் நுனியால்தான் மூடுவான். இப்போது மூடி அசையவில்லை. யாரோ பலமான கையால் இறுக்கியிருந்தார்கள்.

"திறந்து பாரேன்."

"திறந்தா, நான்தான் திருகினேன்னு சொல்லுவாங்க. புண்ணைக் கழுவிட்டு டாக்டர்கிட்ட காட்டுவியா நீ?"

 துணியை நனைத்து இரண்டு மூடிகளையும் சேர்த்துச் சுற்றினேன். ஈரம் காயுமுன் பாயமான் பெரியவர், தாஷ்தான், நான் மூவரும் முத்திரை போலக் கட்டைவிரலை அழுத்தினோம். பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதே ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

சாதிர் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தான். நான்தான் புரட்டிப் போட்டேன், முதுகில் எண்ணெய் தடவினேன். குபாத் பார்க்க வருவான். "நான் அந்தத் திருகுப் பக்கமே போகலண்ணே. இருந்தபடியே சுட்டேன். ரெண்டு வெடி, ரெண்டு ஆடு," என்பான். வெளியே போய் வேறு சொன்னான். "சாதிர் அண்ணனுக்குக் கண்ணு போயிடுச்சுப்பா. வயசு யாரை விட்டுச்சு?" இது புளித்த குதிரைப்பாலான குமிஸ் பானையோடு வீட்டுக்கு வீடு போயிற்று. கடைசியில் சாதிர் காதுக்கும் வந்தது. அவன் அதை நம்பினான்.

நான் கண் பரிசோதனை அட்டையைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். கடைசி வரி வரை படித்தான். "உங்க ஆஸ்பத்திரில பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிடுச்சு," என்றான். அட்டையைத் தலைகீழாக மாட்டினேன். அதையும் படித்தான்.

"அப்புறமென்ன? குபாத் ஏதோ பண்ணியிருக்கான்," என்றேன்.

"என் ரொட்டியத் தின்னவன் என்கிட்ட பொய் சொல்றான்னு நினைக்கறதுக்கு, என் கண்ணு கெட்டுதுன்னு நினைக்கறது சுலபம் அக்கா."

ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவத்தில் நுரையீரலில் சளி கட்டிச் செத்தான். கடைசி வாரம் என்னிடம் மூக்குக் கண்ணாடி வாங்கித் தரச் சொன்னான். ஊல்கான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "திருகினத விட்டுருவேன். மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா, திட்டிட்டு விட்ருப்பேன். அவர் கண்ணு மேல பழியப் போட்டான் பாரு. அத விட மாட்டேன். அவன் உசிரோட இருக்கணும், இருந்து தலை குனியணும்."

 எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கொழுந்தன் துப்பாக்கியைக் கேட்டான். கொடுக்கவில்லை. "என்ன அண்ணி, துப்பாக்கிக்கு எலும்பு கூடலையா?" என்று கேலி செய்தான்.

"கூடும். உடைச்சவன் வரட்டும்," என்றாள்.

கோடையில் அவள் மந்தையோடு மேல்புல்வெளிக்குப் போனாள். ஆட்டுக்காரர்களுக்கு ஊசி போட நானும் ஏறினேன். கொழுந்தனின் துப்பாக்கியை இரவல் வாங்கி, கம்பளத்தில் குப்புறப் படுத்து, சேணத்தின்மேல் குழாயைத் தாங்கிச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு வட்டம் போட்ட பலகையில் ஓட்டைகள் நெருங்கி விழுந்திருந்தன. ஆனால் வட்டத்துக்கு வெளியே, கீழே.

"குறி தப்புதே," என்றேன்.

"தப்பல அக்கா. மூணும் ஒரே இடத்துல இருக்கு பாரு. கை சரியாயிருக்கு, திருகுதான் சரியில்ல. ஸ்கோப்புல தெரியற சிலுவை ஒரு இடத்தப் பாக்குது, குழாய் வேற இடத்தப் பாக்குது. ரெண்டையும் ஒரே இடத்தப் பாக்க வெக்கணும். அதான் குறி சேக்கறது."

மேல்திருகின் மூடியைக் கழற்றி அம்புக்குறி காட்டிய பக்கம் திருப்பினாள். டிக், டிக் என்று விரலுக்குள் சொடுக்கியது. ஒரு சொடுக்குக்கு நூறு அடி வைப்பில் குண்டு ஒரு பார்லி மணி நீளம் நகரும் என்றாள். இருநூறில் இரண்டு மணி. தூரம் கூடக் கூடப் பிசகும் கூடும். மறுபடி மூன்று சுட்டாள். வட்டத்துக்குள் விழுந்தன.

பிறகு மடியிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று கனமாக இருந்தது.

"லேசானது அவரோடது. கனத்தது குபாத்தோடது. வெளிநாட்டு வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போனது. இந்தப் பக்கத்துல வேற யார்கிட்டயும் கிடையாது. அவன் பொண்டாட்டி துணி காயப் போட்ட இடத்துல பையிலேர்ந்து விழுந்து கிடந்துச்சு. கனத்த தோட்டா கீழ இறங்கும். அவன் அதுக்காகத் திருகி ஏத்தியிருப்பான். இவர் அது தெரியாம லேசானதப் போட்டா?"

"மேல போகும்."

"நூறுல நாலு விரலாவது வரும். இருநூறுல எட்டு விரல். ஆட்டுத் தோள் போயி இடுப்பு."

எனக்கு மருந்தளவு புரியும். இதுவும் அப்படியே புரிந்தது. வளர்ந்த ஆளுக்கு ஏற்றிய அளவைக் குழந்தைக்கு அப்படியே ஏற்றினால் என்ன ஆகுமோ அதுதான்.

"நேரா கேளேன்."

"கேட்டா இல்லம்பான். அவனே ஊர் முன்னாடி காட்டணும். வாயால இல்ல, கையால."

குளிர் தொடங்கும்போது ஓநாய் விரட்டப் போகுமுன் ஊர்த் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுவடை முடிந்த வயலில் குறி சேர்ப்பார்கள். காய்ந்த சாணிக் கட்டிகளை நூறு அடி வைப்பில் சுவராக அடுக்கி அதன் முன்னால் பலகைகளை நிறுத்துவார்கள். ஆண்கள், பெண்கள், நாய்கள் எல்லாம் வரும். ஒரு பக்கம் கொழுப்பில் ரொட்டி பொரியும். நடத்துகிறவன் குபாத்.

தொழில் தெரியாதவன் இல்லை அவன். "டேய், ஒரு வெடிக்கு ஒரு திருகு திருகாதடா! குண்டு போற இடமெல்லாம் பின்னாடியே ஓடுவியா? மூணு சுடு. நடுவப் பாரு. அப்புறம் தொடு," என்று ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தான். சரியான பேச்சு. ஒருமுறை காய்ச்சல் பார்த்துவிட்டு மருந்தை மாற்றும் தாதிகளை நானும் அப்படித்தான் திட்டியிருக்கிறேன். இவ்வளவு தெரிந்தவனுக்குத் தான் செய்தது என்ன என்று தெரியாமலா இருந்திருக்கும்?

ஊல்கான் மாவுக்கட்டோடு துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டம் சிரித்தது.

"வாங்க அண்ணி! டாக்டரக்கா, இதுக்கு ஜுரம் பாத்தீங்களா?" என்றான் குபாத்.

"பாத்தேன். தொத்து வியாதி. ஒருத்தன்கிட்டேர்ந்து வந்தது," என்றேன்.

ஊல்கான் பாயமான் பெரியவரிடம் கட்டைக் காட்டினாள். அவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது என் கட்டைவிரல். அரிவாள் வெட்டுத் தழும்பு இருக்கு. கட்டு உடையல," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அவள் படுத்தாள். சாதிரின் தோட்டாக்களைப் போட்டு மூன்று முறை சுட்டாள். பலகையை எடுத்து வந்தார்கள். மூன்று ஓட்டைகளையும் ஒரு ரூபிள் நாணயத்தால் மூடிவிடலாம். ஆனால் வட்டத்தின் நடுவிலிருந்து நாலு விரல் மேலே, கொஞ்சம் இடது பக்கம்.

"குடும்பம் ஒத்துமையாத்தான் இருக்கு, வீடுதான் மாறிப் போயிடுச்சு," என்றான் குபாத். எல்லாரும் சிரித்தார்கள். "தோள் உதறுது அண்ணி. மேல இழுத்துட்டீங்க. பொம்பளைங்களுக்கு இது சகஜம்."

"இருக்கும் தம்பி. நீ சுடேன். அன்னிக்கு இருந்தபடியே ரெண்டு ஆடு அடிச்சதா சொன்னியே. தோட்டா தரட்டா?"

"ஐயோ வேணாம். கண்ட தோட்டாவ நான் தொடமாட்டேன்."

மார்புப் பையிலிருந்து தன் தோட்டாக்களை எடுத்தான். நான் ஊல்கானைப் பார்த்தேன். அவள் பொரித்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வெடி. பலகை வந்தது. மூன்றும் வட்டத்தின் நட்டநடுவில். கூட்டம் ஆரவாரம் செய்தது. குபாத் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்குங்க! துப்பாக்கில ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு நான் குடுத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு!"

பாயமான் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து இரண்டு வகைத் தோட்டாவிலும் ஒவ்வொன்றை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்தார். "தாஷ்தான், நீ படு," என்றார். தாஷ்தான் யாருக்கும் உறவும் இல்லை, பகையும் இல்லை; நல்ல கைக்காரன். சாதிரின் தோட்டாவால் சுட்டான். நாலு விரல் மேலே, இடது பக்கம். ஊல்கான் சுட்ட அதே இடம். குபாத்தின் தோட்டாவால் சுட்டான். நடு.

பெரியவர் இரண்டு பலகைகளையும் குபாத்தின் முன்னால் சாய்த்து வைத்தார்.

"தம்பி," என்றார் பெரியவர். "இந்தத் துப்பாக்கி உன் தோட்டாவுக்குக் குறி சேந்திருக்கு. சாதிர்கிட்ட அந்தத் தோட்டா இருந்ததே இல்ல. அவன் விழுந்த அன்னிக்கே கட்டுப் போட்டாச்சு. யார் திருகினது?"

"கீழ விழுந்து ஸ்கோப் நகந்திருக்கும் பெரியவரே."

"துப்பாக்கி விழல," என்றான் தாஷ்தான். "நான்தான எடுத்தேன்? மடிச்ச கோட்டு மேல குழந்தை மாதிரி படுத்துக் கிடந்துச்சு."

"அப்படியே விழுந்திருந்தாலும்," என்றார் பெரியவர், "மலை பாத்துப் பாத்து உன் தோட்டாவுக்குத்தான் குறி சேத்துக் குடுத்துச்சா? நல்ல மலைதான்."

பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சிரித்தாள். குபாத்தை முடித்தது அந்தச் சிரிப்புதான். முகம் சாணிக் கட்டி நிறமாகிவிட்டது.

"மறந்துட்டேன் அண்ணி," என்றான். "திரும்ப வெச்சுக் குடுக்கணும்னுதான் இருந்தேன். மறந்துபோச்சு."

"அவர் குளிர்காலம் பூரா கிடந்தாரு. நீ வந்து வந்து என் கையால தேநீர் குடிச்ச. ஒவ்வொரு தடவையும் மறந்துபோச்சா?"



"என்ன கேக்கற மகளே?" என்றார் பெரியவர். "குதிரை கேட்டாலும் வாங்கித் தரோம்."

"குதிரை பொய் சொல்லலையே, அது எதுக்கு? வர்ற வசந்தத்துல அவரோட ஆண்டு விருந்து. விருந்தாளிங்க கைக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும். குபாத் ஊத்தட்டும். ஒவ்வொரு கைக்கும், 'சாதிர் கண்ணு நல்லா இருந்துச்சு, திருகினது என் கை'ன்னு சொல்லி ஊத்தட்டும்."

விருந்தில் செம்பும் தண்ணீர் பிடிக்கும் வட்டிலும் தூக்கிக் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவது குடும்பத்தின் கடைசிப் பையன் செய்கிற வேலை.

"நான் பேரன் எடுத்தவன் அண்ணி!"

"பேரனும் விருந்துக்கு வருவான்ல? அவன் கைக்கும் ஊத்து."

பெரியவர் சரி என்று தலையசைத்தார். அதோடு தீர்ந்தது. ஊல்கான் என் பையிலிருந்த கத்திரியை வாங்கி மாவுக்கட்டை வெட்டினாள். தாஷ்தான் மூடிகளைப் பலம் போட்டுக் கழற்றித் தந்தான். அவள் மேல்திருகை இறக்கும் பக்கமாக மெதுவாகத் திருப்பினாள்; ஒவ்வொரு சொடுக்குக்கும் உதடு அசைந்தது. பக்கத்துத் திருகை வலப்புறம் கொஞ்சம். படுத்தாள், சாதிரின் தோட்டாவைப் போட்டாள், சுட்டாள். மூன்றும் நடுவில். மூடிகளை விரல் நுனியால் மூடிவிட்டு எழுந்தாள்.

"இனி யாருக்கும் இரவல் கிடையாது," என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுவே முதல் முறை. யாரும் முகம் சுளிக்கவில்லை.

குபாத் வேறு ஊருக்குப் போய்விடுவான் என்று பலர் நினைத்தார்கள். போகவில்லை. போனால் அந்தச் சிரிப்பு அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். குளிர்காலத்தில் அவன் மனைவி வந்து என்னிடம் அழுதாள், அண்ணியிடம் சொல்லி வேறு தண்டனை கேளுங்கள் என்று. ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஊல்கானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வசந்தத்தில் விருந்து நடந்தது. ஊல்கான் ஒரு குதிரையும் பல ஆடுகளும் அறுத்தாள். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பாதிப்பேர் சாதிருக்காக வந்தார்கள், மீதிப்பேர் தண்ணீருக்காக வந்தார்கள். குபாத் தோளில் துண்டு, ஒரு கையில் செம்பு, ஒரு கையில் வட்டிலோடு கூடாரம் கூடாரமாகக் குனிந்து போனான். முதலில் முணுமுணுத்தான். "காது கேக்கல தம்பி," என்றார் பாயமான் பெரியவர். அதன்பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அவன் பேரன் கையை நீட்டியபோதும் அதையே சொல்லி ஊற்றினான். பையன் தாத்தாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

கடைசியாகப் பெண்கள் வரிசை. எனக்கு ஊற்றினான், சொன்னான். ஊல்கான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"சாதிர் அண்ணன் கண்ணு நல்லா இருந்துச்சு. திருகினது என் கை."

அவள் விரல்களைத் தண்ணீரில் நனைத்து எடுத்தாள்.

"ஆறிப் போச்சு. சூடு பண்ணிக் கொண்டா."

அவன் வெளியே போனான். அடுப்புப் பக்கம் பெண்கள் அவனுக்கு வழிவிடுவது கூடாரத்துக்குள்ளிருந்தே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும் செம்போடு வந்தான், மறுபடி சொன்னான், ஊற்றினான். அவள் விரல் விரலாக, அவசரமில்லாமல் கழுவினாள்.

"மன்னிச்சிட்டீங்களா அண்ணி?" என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

ஊல்கான் அவன் தோளில் இருந்த துண்டை இழுத்துக் கையைத் துடைத்தாள்.

"இல்ல," என்றாள். "அந்தக் கோடியில இன்னும் நாலு பேர் கை கழுவாம உக்காந்திருக்காங்க. கறி ஆறுது, போ."